ஹாஃபிஸா நிறுத்துக் காட்டிய சீனி

தாராவிப் பள்ளிக்கூடத்தில் உடல்நல வகுப்பு எடுக்கும் ஹாஃபிஸா எடை இயந்திரத்தை வெளியே எடுத்தாலே போதும், தாய்மார்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையை எடை பார்த்தால் கண்ணேறு விழுமாம். எல்லாருக்கும் முன்னால் நின்று சண்டை பிடித்தவள் குண்டுப் பையன் பைசானின் உம்மா ஷமீமா.

ஹாஃபிஸாவுக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனாலும் அன்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, புள்ளய நிறுக்க வேண்டாம். அவன் குடிக்கிறத நிறுப்போம்."

பைசான் ஒரு வாரத்தில் எத்தனை பாட்டில் குளிர்பானம் குடிக்கிறான் என்று ஷமீமாவின் வாயாலேயே சொல்ல வைத்தாள். அத்தனையிலும் இருக்கும் சீனியை எல்லாருக்கும் முன்னால் தராசில் கொட்டினாள். கிட்டத்தட்ட அரைக்கிலோ! அன்றிலிருந்து ஷமீமா வீட்டுக்குள் பாட்டில் நுழையவில்லை.

ஆறு மாதம் கழித்து ஷமீமாவே மகனைக் கூட்டி வந்து எடை இயந்திரத்தில் ஏற்றினாள். ஹாஃபிஸாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இருந்தும் சீண்டாமல் விடுவாளா?

"ஏன் ஷமீமா, கண்ணு படாதா?"

"நாலு மாடியும் மூச்சு வாங்காம ஓடி ஏறுறான், ராத்தா. ஓடுற புள்ள மேல எந்தக் கண்ணு நிக்கும்?"