சாவியைத் தட்டிவிட்டவர்

நாகூர் போகும் ரயிலில் ஒரு பெரியவர் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மருதாணி போட்ட தாடியை நீவிக்கொண்டே இருந்தார். நீடாமங்கலம் நெருங்கும்போது, காய்ச்சலில் கொதித்த என் இரண்டு வயது மகனுக்கு வலிப்பு வந்தது. என் கணவர் சாவிக்கொத்தை அவன் பல்லிடுக்கில் திணித்தார். அந்த மனிதர் பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். என் கணவர் அவர் முகத்தில் குத்தினார். மூக்கில் ரத்தம் கொட்டக் கொட்ட, அந்தப் பெரியவர் பிள்ளையைப் பிடுங்கி ஒருக்களித்துப் படுக்கவைத்தார்.

"வாயில எதையும் வைக்காதீங்க. தானா நிக்கும்."

நின்றது. மகன் வீறிட்டு அழுதான்.

"என் மவளுக்கு நான் கரண்டிய வச்சேம்மா," என்றார் என்னிடம். "பல்லு உடைஞ்சு தொண்டையில அடைச்சிடுச்சு. போயிட்டா."

ஸ்டேஷனில் இறங்கியதும், என் கணவரின் கையைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவரை கூட்டிவந்தார். தன்னை அடித்த கையை எப்படிப் பிடித்தாரோ, இன்னும் எனக்குப் புரியவில்லை.