மிஞ்சிய பன்னும் குடும்ப உடம்பும்

எங்கள் பேக்கரியில் கேக்குக்குக் கிரீமால் பூப்போடுபவளை எல்லோரும் கிரீமக்கா என்றுதான் கூப்பிடுவோம், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நான் உட்பட. கை அப்படிப்பட்ட கை. வாயும் அப்படித்தான், அது வேறு கதை.

கடை சாத்தும்போது மிஞ்சியதை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மற்றவர்கள் ஒன்றிரண்டு பன்னோடு நிறுத்திக்கொள்வோம்; கிரீமக்கா பெட்டியே கட்டுவாள். வீட்டில் கணவர், அவருடைய அக்கா, ஒன்பது வயது மகள் மூவரும் அந்தப் பெட்டிக்காக வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பார்கள். மூவருக்கும் நல்ல தாட்டியான உடம்பு. "இது எங்க குடும்ப உடம்பு" என்று நாத்தனார் பெருமையாகச் சொல்வாள். வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டே சொல்வாள்.

பள்ளியில் நடந்த பரிசோதனையில், மகளுக்குச் சர்க்கரை எல்லை தாண்டப் பார்க்கிறது என்று தெரிந்தபோது கிரீமக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் துணையாக நானும் போனேன்.

"ரத்தத்துலயே இருக்கு டாக்டர், நாங்க என்ன பண்ண முடியும்?" என்று கணவர் கையை விரித்தார்.

டாக்டரம்மா பொறுமைசாலி. "ஜீன் உங்க குடும்பத்துதுதான், அதை மாத்த முடியாது. ஆனா எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுங்கறதுல சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கு. சர்க்கரையும் மைதாவும் உள்ள போயிக்கிட்டே இருந்தா, கொழுப்பைச் சேர்த்து வைக்கிற ஜீன்கள் ஓயாம வேலை செய்யும். சாப்பாடு மாறினா அந்த வேகமும் குறையலாம். உங்க பொண்ணுக்குள்ள எது எப்படி நடக்குதுன்னு நான் பார்க்கல. ஆனா இது மாறக்கூடிய வயசு."

அன்று மாலையே கிரீமக்கா ஒரு முட்டாள்தனம் செய்தாள். மகளுக்கு மட்டும் பயறும் காயும், மற்ற இருவருக்கும் வழக்கம்போலப் பெட்டி. பிள்ளை என்ன செய்யும்? போர்வைக்குள் பன்னை ஒளித்துவைத்துத் தின்றது. பிடிபட்டதும், "நான் மட்டும் என்ன தப்பு பண்ணேன்?" என்று தேம்பியது.

மறுநாள் கடையில் இதைக் கேட்டதும் எனக்கு வந்ததே கோபம்! "பிள்ளை வாயைக் கட்டிட்டு, அப்பாவும் அத்தையும் எதிர்ல உக்காந்து வெளுத்துக் கட்டினா அது எப்படிக்கா தாங்கும்?" என்றேன்.

அதோடு பெட்டி நின்றது. வீட்டில் ஒரே ரகளை. கணவர் புலம்பிக்கொண்டே மகளோடு மாலையில் நடக்கப் போனார். திரும்பும்போது மகள்தான் அவரை இழுத்துக்கொண்டு வருவாள். நாத்தனார் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எங்க வம்சத்துல எவ ஒல்லியா இருந்தா? எனக்கு வந்தது இவளுக்கும் வரத்தான் போகுது, பாத்துக்கிட்டே இரு" என்பாள். சொல்லிவிட்டு அதே பயறைத்தான் தின்றாள், வேறு என்ன இருக்கிறது?

சில மாதம் கழித்து மறுபரிசோதனை. மகளின் எடை கொஞ்சம்தான் குறைந்திருந்தது. ஆனால் சர்க்கரை சரியான அளவுக்கு வந்துவிட்டது. "மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். இதை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பாராமல் கிரீமக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நானும் குதித்தேன், எனக்கென்ன வெட்கம்!

வீடு வந்ததும் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். "அத்தே, நீ தோத்துட்டே! எனக்கு ஊசி இல்ல!"

நாத்தனார் அவளை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள். அழுத கண்ணைத் துடைக்காமலே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். "எங்க பொண்ணுக்கு ஊசி இல்லையாம்! கேட்டீங்களா, ஊசி இல்லையாம்!" தோற்றுப்போனதை இப்படி ஊரைக் கூட்டிச் சொன்னவளை நான் பார்த்ததே இல்லை.