மறைவில் காய்ந்த துணி

குளிர்தான் முதலில் வந்தது. பிள்ளை பெற்று மூன்றாம் நாள். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்ததால் வீட்டில் எல்லோரும் மழைக்குளிர் என்றார்கள். மழையில் செங்கல் சுமந்தவள் நான். மழைக்குளிர் தோலோடு நின்றுவிடும். இது எலும்பிலிருந்து வெளியே வந்தது. பல் கிட்டிப் போய், படுத்திருந்த கயிற்றுக் கட்டில் கடகடவென்று ஆடியது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இதை எழுத்துக் கூட்டி நானே எழுதினேன். பிழையை என் மகள் திருத்தினாள், விஷயத்தைத் திருத்த விடவில்லை. காணி நிலம் இல்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்து, செந்துறைப் பக்கம் இன்று இரண்டு செங்கல் சூளை வைத்திருக்கிறேன். பஸ்ஸில் ஏறி என் பெயரைச் சொன்னால் கண்டக்டர் சூளை வாசலிலேயே நிறுத்துவார். இதைப் பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். ஆனால் செத்துப் போயிருந்தால் இதில் ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டில் காய்ச்சலோடு ஒருத்தி படுத்திருந்தால், அவளும் அவளைப் பார்த்துக்கொள்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. அப்போது நானும் என் வீட்டுக்காரரும் இன்னொருவர் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தோம் (மண்ணைப் பிசைந்து அச்சில் பச்சைக்கல், அதாவது சுடாத செங்கல், செய்வது). நிறைமாதத்திலும் நான் கல் தூக்கினேன். என் அளவுக்குத் தூக்குகிற ஆள் ஆண்களிலேயே அந்தச் சூளையில் கிடையாது. வலி எடுத்ததும் வேலையிலிருந்து நடந்தே வீட்டுக்குப் போனேன்.

மாட்டுக்கொட்டகை ஓரம் கீற்றுத் தடுப்பு வைத்திருந்தார்கள். ஊர் மருத்துவச்சி வந்தார். பெண் பிள்ளை. பிள்ளை வந்த பிறகு நஞ்சு (பிள்ளைக்கு வயிற்றுக்குள் உணவு கொடுக்கும் சதை) வெளியே வர நேரமானது. அவர் கையை உள்ளே விட்டு எடுத்தார். கொஞ்சம் கிழிசலும் ஆகியிருந்தது. அன்றைக்கு அதெல்லாம் எந்த வீட்டிலும் நடக்கிறதுதான்.

இன்னொன்றும் எல்லா வீட்டிலும் நடந்தது. பிள்ளை பெற்றவளின் தீட்டுத் துணியை ஆண்கள் கண்ணில் படும்படி காயப் போடக் கூடாது. காக்கை அதன்மேல் பறக்கக் கூடாது. அப்படி ஆனால் பால் வற்றிவிடும் என்பார்கள். அதனால் குட்டையில் அலசி, கொட்டகைக் கூரைக்கு அடியில், வைக்கோலுக்குப் பின்னால் சொருகி வைப்பார்கள். மழைக்காலத்தில் அது காயாது. பாதி ஈரத்தோடு மறுபடியும் எனக்கே வரும். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, எனக்கும்தான்.

குளிர் விட்டதும் காய்ச்சல் ஏறியது. பால் காய்ச்சல் என்றார் அத்தை, என் மாமியார். பால் கட்டும்போது லேசாக உடம்பு சுடும் என்பது உண்மைதான். ஆனால் அது சீக்கிரம் இறங்கிவிடும். அதில் நடுக்கம் வராது, அடிவயிறு தொட்டால் வலிக்காது, தீட்டில் மீன் கழுவிய தண்ணீர் நாற்றம் அடிக்காது. எனக்கு இந்த மூன்றும் இருந்தன. இதைப் படிக்கிறவர்கள் இந்த மூன்றை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதை மறந்துவிடலாம்.

மறுநாள் எனக்கு நினைவு பிசகியது. சூளை மேஸ்திரியோடு சண்டை போட்டேனாம், கல்லை எண்ணினேனாம், பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியதற்கு யாருடைய பிள்ளை என்று கேட்டேனாம். இந்தக் கடைசிக் கேள்விதான் என் வீட்டுக்காரரை எழுப்பியது. ஜன்னி (காய்ச்சலில் பிதற்றுவது) கண்டுவிட்டது என்று அத்தை காயம் (பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் நாட்டு மருந்து) இடிக்க உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் வண்டி கட்டிவிட்டார். ரோட்டுக்கு வந்து அரியலூர் பஸ்ஸில் கடைசி நீள சீட்டில் என்னைப் படுக்க வைத்தார்கள். அது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. அதிகம் பேசாதவர். உள்ளே கை போட்டு எடுத்தார்களா என்று கேட்டார். அத்தை இல்லை என்றார், மருத்துவச்சியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று. எனக்கு அப்போது கொஞ்சம் தெளிவு இருந்தது. ஆமாம் என்று நான் சொன்னேன்.

நஞ்சில் ஒரு துண்டு உள்ளேயே தங்கி அழுகியிருந்தது. வந்திருப்பது பிரசவக் கிருமிக் காய்ச்சல் (பிள்ளை பெற்ற பின் கருப்பையில் கிருமி சேர்ந்து ரத்தம் வரை பரவுவது) என்றார். கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். கிழிசலுக்குத் தையல் போட்டார்கள். கையில் குளுக்கோஸ் ஏறியது. பென்சிலின் (கிருமியைக் கொல்லும் மருந்து) முதலில் தோலில் சொட்டாகப் போட்டுப் பார்த்து, பிறகு ஊசியாகக் குத்தினார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் தூக்கிக்கொண்டுதான் போயிருப்பீர்கள் என்று என் வீட்டுக்காரரிடம் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதை அவர் என்னிடம் வெகுகாலம் சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தேன். பிள்ளையை மடியில் வைத்துப் பார்த்தேன். என் உடம்பு என்றால் சும்மாவா என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டேன்.

அவள் பெயர் ஆரோக்கியம். ஏலாக்குறிச்சிப் பக்கம், விவசாயக் குடும்பம். பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்திருந்தது. அதே காய்ச்சல், அதே ஊசி. படுத்தபடியே சிரிக்க வைக்கிற வாய் அவளுக்கு. பிள்ளையைப் பற்றி மட்டும் பேச மாட்டாள். என் பிள்ளை அழுதால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பிறகு எனக்குக் காய்ச்சல் மறுபடியும் ஏறியது. தையல் போட்ட இடம் வீங்கிச் சீழ் வைத்தது. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே ஏன் ஏறுகிறது என்று டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. ரவுண்டு வந்தவர் என் கட்டிலருகே நின்றார். மூக்கைச் சுளித்தார். குனிந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த சாக்கை இழுத்தார்.

"இது என்னது?"

பக்கத்தில் கம்பவுண்டர் நின்றிருந்தார். அவர் இருக்கும்வரை அத்தை வாயைத் திறக்கவில்லை. அவரை அனுப்பிவிட்டு டாக்டரம்மா மறுபடி கேட்டார்.

"தீட்டுத் துணிங்க."

"ஈரமா இருக்கே. எங்க காய வச்சீங்க?"

"இதுக்குள்ளதாங்க. வெளிய போட்டா ஆம்பளைங்க பாப்பாங்க. பால் வத்திப் போயிரும்ங்க."

"பால் வத்துனா புட்டிப்பால் குடுக்கலாம். இவ போயிட்டா புள்ளைக்கி யாரக் குடுப்பீங்க?"

ஈரத்துணியில் கிருமி பெருகும், அது தையல் வழியாக உள்ளே போகும், கொதிக்க வைத்து அலசி நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். ஒரே தடவைதான் சொன்னார். எனக்கு இரண்டாம் தடவை தேவைப்படவில்லை. கல் அறுக்கிறவளுக்கு உலர்த்துவது என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனால் அத்தை என்ன செய்தார் என்றால், துணியைக் கொதிக்க வைத்து, வராந்தாவில் கதவுக்குப் பின்னால் போட்டார். கட்டிலில் படுத்தபடியே அது எனக்குத் தெரிந்தது. வெளியே அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. என் வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்.

"ஏங்க, பச்சக்கல்ல நெழல்ல அடுக்குனா என்னாவும்?"

"மேல காயும். உள்ள ஈரம் நிக்கும். சூளையில வெடிச்சிரும்."

"கதவுக்குப் பின்னால துணி கெடக்குது. எடுத்து வெயில்ல போடுங்க."

அவர் அசையாமல் நின்றார். அத்தை பிள்ளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டார்.

"அவன் அதத் தொடக் கூடாதுடி. எங்குடும்பத்துல இல்லாத பழக்கம்."

"அப்ப நீங்க போடுங்க அத்தை. வெடிக்கப் போறது நானு. யாராச்சும் ஒருத்தர் போட்டுத்தான் ஆவணும்."

என் வீட்டுக்காரர்தான் எடுத்துக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரிக் காம்பவுண்டு ஓரத்தில் கம்பி வேலி. அதற்கு எதிரே வேப்பமரத்தடியில்தான் ஆண்கள் எல்லாம் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேர் பார்க்க அவர் ஒவ்வொரு துணியாக உதறி வேலியில் போட்டார். என்னப்பா, பொண்டாட்டி கொடி ஏத்திட்டாளா என்று ஒருவன் கேட்டிருக்கிறான். ஆமா, வந்து சலாம் வச்சிட்டுப் போ என்று இவர் சொல்லியிருக்கிறார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. என்னிடம் மட்டும்தான் தோற்பார்.

ஆரோக்கியம் இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒங்க வூட்டுக்காரரு துணியே காயப் போடுறாரு. எங்க வூட்டுக்காரரு தன் வேட்டிய அவுத்தா அது தானா நடந்து போயித் தொவைச்சிக்கணும்."

அவளுடைய துணியும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. ஒன்றே ஒன்றைச் சுருட்டி என் வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொன்னாள். நீலக்கரை போட்ட பழைய சேலைத் துண்டு. அதையும் அவர் கொதிக்க வைத்து வேலியில் போட்டார்.

அத்தை என் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சலில் பால் முன்பே குறைந்திருந்தது. துணி வெயிலுக்குப் போன அன்று பால் சுத்தமாக நின்றுவிட்டது. பார்த்தாயா என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. பிள்ளையைச் சப்ப விட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டரம்மா. விட்டேன். சீழ் வற்றி, காய்ச்சல் இறங்கி, சில நாளில் பால் வந்தது. முதல் சொட்டைப் பார்த்ததும் அத்தை எழுந்து வெளியே போனார். எங்கே என்று பார்த்தால், வேலியில் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து அவரே போட்டார். ஆனால் காய்கிறவரை பக்கத்திலேயே கம்போடு நின்று காக்கை விரட்டினார். அதை மட்டும் கடைசிவரை விடவில்லை.

ஆரோக்கியத்துக்குக் காய்ச்சல் அப்போதுதான் தணிந்திருந்தது. ஊசி இன்னும் பாக்கி. கல்லறைத் திருநாள் வந்தது. அவள் அப்பா கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற மகள் வர வேண்டும் என்று அவள் அம்மா வந்து நின்றார். டாக்டரம்மா போகக் கூடாது என்றார். காய்ச்சல்தான் இல்லையே, திருநாள் முடிந்ததும் கொண்டுவந்து விடுகிறோம் என்று அழைத்துப் போனார்கள்.

"போயிட்டு வரேன் புள்ள. அந்தத் துணி காஞ்சா எடுத்து வையி. வந்து வாங்கிக்கிறேன்."

என் பிள்ளையின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை.

அவள் திரும்பி வரவில்லை. நான் வீட்டுக்குப் போகும் சமயம் என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்திருக்கிறார். வீட்டில் மறுபடி குளிர் வந்ததாம். திருநாள் அலைச்சல் என்று படுக்க வைத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்குத் தூக்கி வந்தபோது வழியிலேயே முடிந்துவிட்டது.

காய்ச்சல் இறங்கினால் நோய் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஊசியை, மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். இதை டாக்டர் சொன்னால் கேட்க மாட்டீர்கள், நான் சொல்கிறேன், கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார். சீழால் கருக்குழாய் (கரு கருப்பைக்கு வரும் வழி) ஒட்டிப் போயிருக்கலாம், இனிமேல் பிள்ளை தங்குவது கஷ்டம் என்று. தங்கவில்லை. ஒன்றோடு நின்றது. பத்துப் பேர் வேலைக்கு ஒருத்தியாக நின்று, கடைசியில் நாங்கள் கல் அறுத்த அந்தச் சூளையையே வாங்கினேன். ஆனால் அந்தக் காய்ச்சலுக்கு முன்னால் என் உடம்பு நான் சொன்னதைக் கேட்கும். பின்னால், அது சொல்வதை நான் கேட்கிறேன். மேகம் கூடினால் அடிவயிற்றில் ஒரு இழுப்பு வரும். பச்சைக்கல்லை மூடுங்கள் என்று ஆட்களுக்குச் சத்தம் போடுவேன். வானம் வெறிச்சென்று இருக்கிறதே என்பார்கள். மழை வரும்.

மணி பார்க்கிற பழக்கமும் போய்விட்டது. எனக்கு நாள் என்றால் துணி காய்கிற நேரம், காயாத நேரம், இவ்வளவுதான். மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லாம் கடையில் வாங்கிப் போட்டுத் தூக்கி எறிகிற பஞ்சாக இருந்தது, காயப் போட ஒன்றும் இல்லை. நான் போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீலக்கரைத் துண்டு என்னிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிய அன்று என் வீட்டுக்காரர் வேலியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மடித்தபோது அதுவும் இருந்தது. ஐப்பசியில் வெயில் தலை காட்டும் நாளில் வெளியே எடுத்துப் போடுவேன். சாயங்காலம், பச்சைக்கல் காய்ந்ததா என்று பார்க்கிற மாதிரி, கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். நன்றாகக் காய்ந்திருக்கும். மடித்து உள்ளே வைப்பேன்.