இடது விலாவுக்குக் கீழே ஒரு சூடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவள் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அளவு நோட்டில் மார்பு, இடுப்பு, கை நீளம் என்று எண்களைக் குறிப்பதைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேருக்கு எதிரே பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். படித்தவர்கள் சொல்ல வேண்டியதில் நான் மூக்கை நுழைக்கிறேனோ என்ற பயமும் இருக்கிறது. இதில் உடம்பைப் பற்றிய விஷயம் எங்காவது தப்பாக வந்திருந்தால், அது எனக்குப் புரிந்த லட்சணம். எனக்கு அதை விளக்கிய மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சரியாகத்தான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டினார். எங்கள் ஊர் நெரவியைச் சுற்றி உழவு, அறுவடை சமயத்தில் நெல் மூட்டை ஏற்றுவது. நான் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைக்கிறேன். ஒரே மகள். காரைக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறாள். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் குழாயடியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அவரை நாங்கள் எரிக்கவில்லை. மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். அவர் உயிரோடு இருந்தபோதே, ஊரில் நடந்த ஒரு முகாமில் படிவம் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. கண் தானம் என்று நினைத்துக்கொண்டு போட்டேன். பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் முழு உடம்பு என்று தெரிந்தது.

"ஏங்க இப்படி செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"நெருப்பு நமக்கு ஒத்துக்காது. உள்ள இருக்குற சூடே போதும்" என்று சிரித்தார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை. அது வேடிக்கைக்குச் சொன்னதா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தச் சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிராக்டரிலிருந்து இறங்கியதும் துண்டை நாலாக மடித்து இடது விலாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து அழுத்துவார். கல்யாணமான வருடத்திலிருந்தே அப்படித்தான். நாள் முழுக்க எஞ்சின் மேல் உட்கார்ந்திருப்பவருக்குச் சூடு ஏறாமல் என்ன செய்யும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஊறவைத்த வெந்தயம், இளநீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ரொம்பப் படுத்தினால் வாழைத்தண்டுச் சாறு. போகும், பிறகு வரும். ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. சூட்டுக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்?

போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் கல்லூரியிலிருந்து போன் வந்தது. உடற்கூறு துறையிலிருந்து பேசுவதாக ஒரு பெண் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் விஷயமா பேசணும்மா, ஒரு தடவை வர முடியுமா?" என்றார். சரிங்க என்று வைத்துவிட்டேன். என்ன விஷயம் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இத்தனை குழப்பம் வந்திருக்காது. படித்து முடித்துவிட்டார்கள், அவரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்து, அவர் ஒரே ஒரு தீபாவளிக்குக் கட்டிய வேட்டியை எடுத்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

துறையில் ஒரு சின்ன அறை. பேராசிரியைக்கு என் வயதுதான் இருக்கும். காலர் வைத்த வெள்ளைக் கோட்டின் கைப் பகுதி அவருக்கு இரண்டு விரல் நீளம் அதிகம். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞர் நோட்டும் பேனாவுமாக இருந்தார்.

"பையில என்னம்மா?" என்றார் பேராசிரியை.

"தையல் துணிங்க" என்றேன். அன்று சொன்ன முதல் பொய் அது.

அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். கலர் பென்சிலில் அவரே வரைந்த படம். "பயப்படாதீங்க, போட்டோ இல்ல, படந்தான்" என்றார். எல்லோருக்கும் கிட்னி இரண்டு தனித்தனியாக இருக்கும். என் வீட்டுக்காரருக்கு இரண்டும் கீழ்ப்பக்கத்தில் ஒட்டி ஒன்றாக இருந்ததாம். பிறவியிலேயே அப்படி. லாடம் மாதிரி என்று சொன்னார். நான் மாட்டு லாடம்தான் பார்த்திருக்கிறேன். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் லாடம் இரண்டு துண்டாகத்தான் இருக்கும். ஒன்றாக ஒட்டியதற்கு அதை எப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. "குதிரை லாடம்மா" என்று அவரே திருத்தினார்.

அப்படிப்பட்ட கிட்னிக்கு ரத்தக் குழாய்கள் வழக்கமான இடத்திலிருந்து வராது, வேறு வேறு இடங்களிலிருந்து வரும், அது தெரியாமல் ஆபரேஷன் செய்தால் ஆபத்து என்றார். எங்கிருந்து எத்தனை வருகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பல வருடமாகச் செய்கிறாராம். படத்தில் சிவப்புக் கோடுகள் அஞ்சு. ஒன்று மட்டும் கீழேயிருந்து வளைந்து ஏறியது. முப்பது வருடம் கூட இருந்தவருக்குள் இப்படி ஒரு கோடு ஓடியது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டவர் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. யாருக்கு யாரைத் தெரியும் என்று எனக்கு மயக்கமாக வந்தது.

"இதனால அவர் சாகலம்மா. அது இதயம். பேரெல்லாம் எங்கேயும் வராது. சும்மா சில கேள்வி கேக்கணும்" என்றவர் கேட்க ஆரம்பித்தார். "விலாவுல, முதுகுல வலின்னு சொல்லுவாரா?"

"இல்லைங்க."

"கல் அடைப்பு? அடிக்கடி காய்ச்சல்? ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல்?"

அந்த இளைஞர் பேனாவோடு காத்திருந்தார். எனக்கு முகம் சுட்டது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. ஒரு நோய் நொடி கிடையாது."

பேராசிரியைக்குச் சந்தோஷம். "கடைசி வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லாம இருந்திருக்கார், பாத்தியா" என்று அந்த இளைஞரிடம் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை அம்பகரத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மகளுக்குப் பூ வைக்க வருவதாக இருந்தது. ஆறு மாதமாக அவர்கள், தரகர், தெரிந்தவர் என்று யார் கேட்டாலும், குடும்பத்தில் நோய் நொடி கிடையாது என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. கோட்டுப் போட்டவர் கேட்டதும் அதே பதில் வந்துவிட்டது. அது மட்டும்தானா என்றால், அதுவும் தெரியவில்லை. சூட்டை நோய் என்று நான் நினைத்ததே இல்லை. அப்படியானால் நான் சொன்னது பொய்யா?

கிளம்பும்போது அவர் சொன்னார். "பெரும்பாலும் இது ஒருத்தரோட நின்னுடும்மா. ஆனா சில வீட்டுல ரெண்டு பேருக்கு இருந்திருக்கு. பொண்ணுக்கு வலி கிலி இருந்தா ஒரு ஸ்கேன் பாத்துடுங்க. இருக்கா?"

"இல்லைங்க" என்றேன்.

மகளுக்கு இருக்கிறது. அதே இடது பக்கம். நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறாள், சூடு என்று வெந்தயம் கொடுத்துவந்தேன்.

வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், "அவரை எப்பங்க குடுப்பீங்க?" என்று கேட்டேன். தகனம் செய்யும்போது முன்கூட்டியே சொல்வோம், இன்னும் நாள் இருக்கிறது என்றார். மஞ்சள் பையை அவர் இன்னொரு தடவை பார்த்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் என் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர். தம்பிக்குக் கொள்ளி வைக்கவில்லை, படத்தை வைத்துக் கருமாதி செய்தோம் என்ற கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"என்ன, காலேஜுக்குப் போனியாமே? எப்படி இருக்கான் என் தம்பி? பள்ளிக்கூடத்துக்குப் போடான்னா தென்னந்தோப்புல ஒளிஞ்சிக்குவான். செத்தப்புறம் காலேஜ் படிக்கிறான்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். லாடத்தையும் ஸ்கேனையும். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, உனக்கு மூளை இருக்கா? ஞாயித்துக்கிழமை பூ வைக்க வர்றாங்க. இப்ப போயி ஸ்கேன்னு பொண்ண இழுத்துக்கிட்டுப் போனா, பஸ்ஸுல நாலு பேரு பாக்க மாட்டாங்களா? ஏற்கெனவே எரிக்கலியாமேன்னு ஒரு தரம் கேட்டுட்டாங்க."

"வலி இருக்கே அண்ணி."

"சூடு. எனக்கில்லியா? எங்கம்மாவுக்கில்லியா? எங்க வீட்டு உடம்பே சூட்டு உடம்பு. வாழைத்தண்டு குடு."

அவர் போனபிறகு வெகுநேரம் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்க வீட்டு உடம்பே சூட்டு உடம்பு. எனக்குத் தைரியம் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு இன்னும் பயம்தான் வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. மகள் கடையிலிருந்து சீக்கிரம் வந்து, அடுப்புக்கு எதிரே தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கரண்டி. இன்னொரு கையில் அடுப்புத் துணியை மடித்து இடது பக்கம் வைத்து, மேடையின் விளிம்பில் சாய்ந்து அழுத்திக்கொண்டிருந்தாள். அதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். அன்றுதான் அதில் அவளுடைய அப்பா தெரிந்தார்.

மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஏம்மா, வயிறு என்னுது. அத்தைக்கு நேத்தே தெரியும், எனக்கு இன்னிக்கா?"

"நீ பயந்துடுவேன்னுதாண்டி."

"அப்பாவுக்கு வலிச்சுதா, வலிக்கலியா? அத மட்டும் சொல்லு."

"சூடுதான்."

"சூடுன்னா என்னம்மா?"

நாற்பது வருடமாக வாயில் இருக்கிற சொல். உடம்பில் எங்கே இருக்கிறது, எப்படி வருகிறது என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கண் எரிந்தாலும் சூடு, கட்டி வந்தாலும் சூடு, துண்டை மடித்து அழுத்தினாலும் சூடு.

"ராத்திரியில எந்திரிச்சு உக்காருவாரே" என்றாள் அவள். "நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப கேட்டிருக்கேன். கொசு கடிக்குதுன்னு சொல்லுவாரு."

எனக்கும் கொசு என்றுதான் சொல்லியிருந்தார். கொசுவலைக்குள் படுத்திருந்த மனிதர். நாங்கள் இரண்டு பேரும் அதை ஒரே நேரத்தில் நினைத்தோம் போலிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்தது, பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த மேடம்கிட்ட வலி இல்லன்னு சொல்லிட்டியே, அத அவங்க எழுதிட்டாங்கல்ல?"

"எழுதிட்டாங்க."

"அத நாளைக்கு யாராவது டாக்டர் படிச்சுட்டு, இப்படி இருந்தா வலிக்காதுன்னு என் மாதிரி ஒருத்திய வீட்டுக்கு அனுப்பிச்சா?"

நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்கிற பதில் அந்த அறையோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

"ஸ்கேன் எடுத்து ஏதாச்சும் இருந்து, அவங்க வேணாம்னுட்டா?" என்று கேட்டேன்.

"எடுக்கலன்னா மட்டும் உள்ள இருக்கறது எந்திரிச்சுப் போயிடுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். ஒரு தோசையை ஊற்றிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே, "எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு" என்றாள்.

சாப்பிட்டதும் அளவு நோட்டில் ஒரு பக்கம் கிழித்துப் பேராசிரியைக்கு எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்ல எனக்கு வராது, நேரில் அந்த இளைஞர் இருந்தால் அதுவும் வராது. மூன்று தாள் வீணாயிற்று. வலி என்று எழுதுவதா, சூடு என்று எழுதுவதா என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் எழுதினேன். "என் வீட்டுக்காரருக்கு இடது விலாவுக்குக் கீழே கல்யாணமான நாளிலிருந்து வலி இருந்தது. நாங்கள் சூடு என்று சொல்வோம். நான் சொல்லாமல் விட்டது தப்பு. மகளுக்கும் இருக்கிறது." மகள் படித்துப் பார்த்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை ஒன்பதரை பஸ்ஸில் இருவரும் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாத்தனாருக்கு மகளே போன் செய்து சொன்னாள். அவர் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். தண்ணீர் குடிக்கச் சொல்லி இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஸ்கேனில் மகளுக்கு இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன, இடது பக்கத்தில் ஒரு சின்னக் கல் இருந்தது. பேராசிரியை என் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, நோட்டை எடுத்து ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இல்லை.