பெரியத்தானும் பச்சைத் திரைப் பெட்டியும்

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை காலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. கணவர் லூர்து குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். பேசியவர் அவருடைய நண்பர் ஹொக் செங். ரோச்சோர் பக்கம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த சீனர். கடை இரைச்சலுக்கு நடுவே, இந்த ஊர்ப் பேச்சில் வாலாக ஒட்டும் 'லா'வோடு அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "டெல் யுவர் ஹஸ்பண்ட் லா, மதர்... டை ஆல்ரெடி." அவருடைய அம்மா இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். நான் பாளையங்கோட்டையில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவள். ஆங்கிலம் வாசித்தால் புரியும், பேசத்தான் வாய் வராது. அதிலும் துக்கம் விசாரிக்கிற ஆங்கிலத்தை எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. "ஐயாம் வெரி சாரி, மதர் இஸ் கிரேட் லாஸ்" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெவர் மைண்ட் லா. கேன் பை நியூ ஒன்" என்றார்.

வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாமாம். ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றேன். அங் மோ கியோவில் எங்கள் வீடு பதினோராம் மாடி. எதிரே எங்கள் கட்டடத்தைப் போலவே இன்னொரு கட்டடம், அதன் சன்னல்களில் மூங்கில் கழிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பெற்றவள் செத்துப் போனதை இப்படிச் சொல்கிற ஊரில் இனி நான் வாழ்ந்தாக வேண்டும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. தலையைத் துவட்டியபடி வந்த லூர்துவிடம் ஹொக் செங்கின் அம்மா தவறிவிட்டார் என்று சொன்னேன். அவர் பதறிப்போய்க் கடைக்குத் தொலைபேசினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெரிய பலகைக்கு மதர்போர்ட் என்று பெயராம். லூர்து பழுதுபார்க்கக் கொடுத்திருந்த எங்கள் வீட்டுப் பெட்டியில் அதுதான் கெட்டுப்போயிருந்தது. இந்தக் கதையை இன்றும் விருந்துகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் செத்தது பலகைதான் என்று தெரிந்த பிறகும் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் இருக்கும் நீங்கள் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அமெரிக்காவில் பெரிய விலைக்கு விற்பதை அப்படியே பார்த்துச் செய்து, பெயரை மட்டும் ஒட்டாமல் இங்கே கடைகளில் விற்றார்கள். தட்டச்சு இயந்திரத்துக்கு வயிறு உப்பியதுபோல் ஓர் உருவம். அதன்மேல் ஒரு சின்னத் திரை, அதில் பச்சை எழுத்துகள். சனிக்கிழமை பிற்பகலில் ஹொக் செங்கும் வேறு இரண்டு மூன்று பேரும் வருவார்கள். பிளாப்பி என்கிற மெல்லிய தட்டைச் செருகிவிட்டு, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, பிரசவ அறை வாசலில் நிற்பவர்கள் மாதிரி நிற்பார்கள். பெட்டி கரகரவென்று இருமும். திரையில் ஒரு வரி வந்ததும் "ஆ" என்பார்கள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்தால் அது ஆறிப்போய் அப்படியே திரும்பி வரும். எந்தக் கம்பெனிப் பெட்டி உசத்தி என்று அவர்கள் போடும் சண்டையைக் கேட்டால், எங்கள் ஊரில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் யாருக்கு மோட்சம் என்று வாதாடியது நினைவுக்கு வரும். இரண்டு பக்கத்திலும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் ஒருவரும் இல்லை.

அந்தப் பெட்டியால் எங்கள் வீட்டுக்குள் சிரிப்பு வந்தது என்றால் அது பெரியத்தானால்தான். பெரியத்தான் என்று நான் கூப்பிட்டது லூர்துவின் அண்ணன் சவரிமுத்துவை. இருவரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட, தம்பியைப் படிக்க வைத்ததும், விமானச் சரக்குக் கிடங்கில் தான் வேலை பார்த்த கம்பெனியிலேயே அலுவலகப் பக்கம் சேர்த்துவிட்டதும் அவர்தான். என்னைப் பெண் பார்க்கப் பாளையங்கோட்டைக்கு வந்ததும் அவரே. கிடங்கில் அவருக்கு டேலி கிளார்க் வேலை. விமானத்திலிருந்து இறங்கும் பெட்டிகளைச் சரிபார்த்து, எது எந்த அடுக்கில் போகிறது என்று குறிப்பது. தேக்கா சந்தைக்கு மேலே இருந்த அடுக்குமாடியில் மனைவியோடு குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் இருவரும் பேருந்தேறி எங்கள் வீட்டுக்கு வருவார்கள். செருப்பைக் கழற்றும்போதே, "டேய், அந்த டப்பாவைப் போடுறா" என்பார்.

அதில் ஒரு விளையாட்டு இருந்தது. கீழே ஒரு சின்னத் துப்பாக்கி, மேலிருந்து பூச்சி பூச்சியாக எதிரிகள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு பெரியத்தான் சுடுவார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, முழு உடம்பையும் இடமும் வலமும் சாய்ப்பார். உடம்பைச் சாய்த்தால் துப்பாக்கி நகராது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார்.

ஒருநாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இதுல ஜெயிக்கிறதுன்னு ஒண்ணு இருக்காடா?"

"இல்லண்ணே. சுட சுட வந்துக்கிட்டே இருப்பானுங்க. வேகம்தான் கூடும். எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கிறோம்னுதான் கணக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் செத்துருவோம்."

"அப்ப இது விளையாட்டு இல்ல லா. வேலை" என்றார் பெரியத்தான். நாங்கள் சிரித்தோம். அடுத்த ஆட்டத்துக்கு அவரே பொத்தானை அழுத்தினார்.

எண்பத்து நான்கில் லூர்துவுக்கு ஒரு யோசனை பிறந்தது. கிடங்கில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்பதை இந்த டப்பாவே சொல்லும்படி ஒரு புரோகிராம் எழுதிப் பார்த்தால் என்ன? யாரும் கேட்கவில்லை. மற்றவர்கள் மீன்பிடிக்கப் போவதுபோல அவருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு குறைந்தது. அண்ணனும் தம்பியும் திரைக்கு முன்னால் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டார்கள். சரக்கு எப்படி வருகிறது, எதை எதோடு சேர்த்து வைக்கக்கூடாது, அடுக்கு நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்று பெரியத்தான் சொல்லச் சொல்ல லூர்து தட்டிக்கொண்டே இருப்பார். மகள் ஜூலி அப்போது கைக்குழந்தை, பெரியத்தான் மடியில்தான் தூங்குவாள். "இது வந்துச்சுன்னா எனக்கு இடுப்புவலி பாதி போயிரும் புஷ்பம். ஏணியில ஏறி ஏறித் தேட வேண்டாம் பாரு" என்றார் என்னிடம். எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. இந்த ஊரில் எனக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறது என்று முதன்முதலாகத் தோன்றியது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

புரோகிராம் நன்றாக வந்துவிட்டது. லூர்து தன் மேலதிகாரியிடம் காட்டினார். அவர் தமக்கு மேலே இருந்தவரிடம் காட்டினார். கம்பெனியிலேயே பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, குளிர்சாதன அறையில் வைத்து, லூர்து எழுதியதை அடிப்படையாக வைத்து வெளியாள் ஒருவரை விரிவாக எழுதச் செய்தார்கள். லூர்துவுக்குக் கண்ணாடித் தடுப்பு போட்ட இடமும் ஒரு கழுத்துப் பட்டையும் கிடைத்தன. கடைக்குக் கூட்டிப்போய் அந்த டையை வாங்கிக் கொடுத்ததும் பெரியத்தான்தான். மறுவருடம் நாட்டில் வியாபாரம் படுத்தது. கப்பல் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள். ஆட்குறைப்பைச் சொல்லும் ரிட்ரெஞ்ச் என்கிற சொல் அந்த வருடம் தமிழர் வீடுகளில் தண்ணீர், சோறு மாதிரி ஒரு சொல்லாகிவிட்டது. கிடங்கில் டேலி கிளார்க்குகள் எல்லோரையும் ஒரு பிற்பகலில் கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். திரையில் பார்த்தாலே தெரிகிற விஷயத்துக்கு இத்தனை பேர் எதற்கு என்பதைத்தான் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் பெரியத்தான் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஞாயிறு அல்லாத ஒருநாளில் அவர் அதற்குமுன் வந்ததே இல்லை. உட்கார்ந்தார். காப்பி கேட்டார். குடித்து முடித்துக் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். லூர்து வேலையிலிருந்து வந்து, அண்ணனைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குச் செய்தி தெரிந்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து, அண்ணன் கேன்டீன் பக்கம் நடந்து போவதைப் பார்த்திருக்கிறார்.

"அண்ணே, சத்தியமா நான் இப்படி ஆகும்னு நினைக்கலண்ணே."

"தெரியும்டா. நீ நினைச்சிருக்க மாட்ட. உனக்கு அந்த டப்பாவைப் பார்த்தா வேற ஒண்ணும் நினைப்பு வராது." குரலில் கோபமில்லை. "நானும்தானே நினைக்கல. பக்கத்துலயே உக்காந்து எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லிக் கொடுத்தேன்."

"நான் நாளைக்குப் போய்ப் பேசுறேன். இல்லாட்டி வேலைய விட்டுர்றேன்."

"நீ விட்டா எனக்குத் திருப்பிக் கொடுப்பாங்களா? வீட்டுல ஒருத்தனாவது டை கட்டிக்கிட்டுப் போறான். போகட்டும்." எழுந்து, தொட்டிலில் கிடந்த ஜூலியின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். பேருந்து நிறுத்தம்வரை கூட வருகிறேன் என்று லூர்து சொன்னதற்கு, "நான் போயிருவேன், எனக்கு வழி தெரியும்" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கோயிலில் பார்த்தால் சிரிப்பார், ஜூலியைத் தூக்குவார், நலம் கேட்பார். வீட்டுக்கு வாங்க என்றால் "வர்றேன் வர்றேன்" என்பார். பூசை முடிந்ததும் பக்கத்துக் கதவு வழியாகப் போய்விடுவார். லூர்து சமையலறையில் சோறு ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பிற்பகலில் படுத்துத் தூங்கப் பழகிக்கொண்டார். பெட்டியைத் துணி போட்டு மூடி அலமாரிமேல் ஏற்றினார். சனிக்கிழமைக் கூட்டமும் நின்றது. ஹொக் செங் ஒருமுறை வந்து, "வை யுவர் ஹஸ்பண்ட் ஸோ டல்?" என்று என்னிடம் கேட்டார். அண்ணனுக்கு வேலை போய்விட்டது என்றேன். "நெவர் மைண்ட் லா" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நானே தேக்காவுக்குப் போனேன். முருங்கைக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு மேலே ஏறி மணியை அடித்தேன். பெரியத்தான்தான் கதவைத் திறந்தார். காக்கிச் சட்டை, தோளில் பட்டை. முதலில் யாரோ என்று நினைத்தேன். வாசலில் பூட்ஸ் இருந்தது.

"ஜாகா வேலை கிடைச்சிருக்கு. காவல்காரன்" என்றார். "ஷெண்டன் வே பக்கம் பெரிய கட்டடம். உள்ள உக்காந்துதான். நிக்கக்கூட வேண்டாம்."

"எதைக் காவல் காக்கணும் பெரியத்தான்?"

அந்தப் பழைய சிரிப்பு ஒரு பக்கமாக வந்தது. "கம்ப்யூட்டரைத்தான். ஒரு மாடி பூரா அதுதான். அதுக்கு வேர்க்கக் கூடாதாம். அவ்வளவு குளிரு. சிங்கப்பூர்ல பொறந்து வளர்ந்த நான் ஐம்பது வயசுக்கு மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

நான் சிரிக்க முயன்றேன். வீட்டுக்கு வாங்க பெரியத்தான், உங்க தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை என்றேன்.

"கோபம்னு நினைக்காத புஷ்பம். அங்க வந்தா அவன் என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துச் செத்துருவான். பேச ஆரம்பிச்சா மன்னிப்புக் கேட்பான். நான் பரவாயில்லன்னு சொல்லணும். ஒவ்வொரு வாரமும் அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லம்மா."

நான் வாங்கிய முருங்கைக்காயில் பாதியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். சிராங்கூன் ரோட்டில் கூட்டமாக இருந்தது. நான் ஊர்க்காரி என்று தெரிந்த பூக்கடைக்காரர், "எப்பம்மா இந்தியா போறீங்க?" என்று வழக்கம்போல் கேட்டார். பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். நடந்ததை லூர்துவிடம் சொன்னேன், ஸ்வெட்டரை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியத்தான் அதன்பின் எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கும் ஜூலியின் பிறந்தநாளுக்கும் வந்தார். வருவார், உட்காருவார், கேக் சாப்பிடுவார். அந்த டப்பாவைப் போடு என்று அவர் மறுபடி ஒருபோதும் கேட்கவில்லை.

எண்பத்தேழில் ஜூலியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். திருமணத்துக்குப் பின் அதுதான் முதல் பயணம். என் தம்பி அமலன் வங்கியில் குமாஸ்தாவாகியிருந்தான், ஊழியர் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். வங்கிக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு. போன அன்றே என்னைப் பிடித்துக்கொண்டான்.

"எக்கா, அத்தான் அந்த வேலையிலதான இருக்காங்க. உனக்குத் தெரியும்லா. அது வந்தா எங்க வேலை போயிரும்னு நாங்க சொல்லுதோம். போகாதுன்னு மேல உள்ளவங்க சொல்லுதாங்க. யாரு சொல்லுதது நெசம்?"

சிங்கப்பூரில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் விளக்கம் சொல்வார்கள். இங்கே சிங்கப்பூர் அக்கா என்றால் எல்லாம் தெரியும். அடுப்படியில் அம்மாகூட வேலையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். போகும் என்றால், என் வீட்டுக்காரர் செய்கிற காரியத்தை நான் என்னவென்று சொல்வது? போகாது என்றால் பெரியத்தான் யார்? "ஊருக்கு ஊரு மாறும்டே" என்றேன். அமலன் என்னைச் சலிப்பாகப் பார்த்தான். "நீயும் மேனேஜர் மாதிரி பேசுத" என்று எழுந்து போனான்.

இரண்டொரு நாளில் சங்கத்தின் ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. கணிப்பொறி வேண்டாம் என்று கோஷம் கேட்டு மாடிச் சன்னலுக்கு வந்தேன். கொடியைத் தூக்கிக்கொண்டு அமலன் முன்வரிசையில் வந்தான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்குப் பின்னால் கட்டிலில் ஜூலியும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும், லூர்து வாங்கிக் கொடுத்தனுப்பிய உள்ளங்கையளவு விளையாட்டுப் பெட்டி ஒன்றைச் சுற்றிக் குவிந்திருந்தார்கள். அது கீக்கீ என்று கத்தியது. ஒவ்வொரு கீக்கீக்கும் பிள்ளைகள் கூவினார்கள். தெருவில் அமலன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபம் ஆறியிருந்தது. இறங்கி வா என்பதுபோல் கொடியில்லாத கையை அசைத்தான். அதே நேரத்தில் உள்ளேயிருந்து, "அம்மா, கம் லா, யுவர் டர்ன்" என்று ஜூலி கூப்பிட்டாள். நான் கையைத் தூக்கினேன். வருகிறேன் என்று எடுத்துக்கொள்ளலாம், போய்வா என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஊர்வலம் தெருமுனையில் திரும்பி மறைகிறவரை கையை இறக்காமல் அந்தச் சன்னலிலேயே நின்றிருந்தேன்.