குடிலுக்கு வளர்த்த கேப்பை

அந்த டிசம்பர் சனிக்கிழமை எனக்கு விடுமுறை என்று பெயர்தான். காலையிலேயே என் மனைவி முற்றத்தில் ஓலைப்பாயை விரித்து, அதில் சாளைக் கருவாட்டைப் பரப்பினாள்.

"இங்கன உக்காந்து காக்கா வெரட்டுங்க. நான் துணி தொவச்சுட்டு வாரேன்."

மழை ஓய்ந்து அன்றுதான் வெயில் தலைகாட்டியிருந்தது. அதுவும் பேருக்குத்தான். கடலிலிருந்து அடித்த வாடைக்காற்று காதைக் குத்தியது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கம்பும் கையுமாக உட்கார்ந்தேன்.

கிறிஸ்துமஸ் குடிலில் புல்வெளிக்காகத் தட்டுகளில் கேப்பை விதைத்து வளர்ப்பது வருஷா வருஷம் என் வேலை. வேலை என்ன, ஆசைதான். இந்த முறை விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று வந்திருந்தது. அதற்கும் கொஞ்சம் வெயில் படட்டும் என்று தட்டுகளை எனக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

காக்கையையே பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்? சரக் சரக்கென்று சத்தம் கேட்டுத் திரும்பினால், பக்கத்து வீட்டு ஆடு கடைசித் தட்டில் வாயை வைத்திருக்கிறது. மற்றவை எல்லாம் மொட்டை.

நான் போட்ட கூச்சலில் அவள் சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்தாள். தட்டுகளைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எப்படியும் குடில்ல ஆடு வைக்கத்தானே போறீங்க? அது முன்னாடியே வந்து மேஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கங்க."

தினமும் தண்ணீர் தெளித்தவன் நான் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே, ஒரு காக்கை இறங்கிப் பெரிய சாளையாகப் பார்த்துக் கவ்விக்கொண்டு பறந்தது.

அதற்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.