பொறை போட்டது யார்?

விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம் வரை, நான் அதட்டினால் வாயை மூடாத நாயே கிடையாது. சும்மா சொன்னேன். எங்கள் வீட்டு நாயே என்னைப் பார்த்துத்தான் அதிகமாகக் குரைக்கும்.

வருஷம் எண்பத்து நாலோ, ஐந்தோ. என் பஞ்சர் கடைக்குப் பின்னால் புளியமரத்தடியில் ஓர் அம்மா வேனை நிறுத்தித் தங்கினார். உள்ளேயே கட்டில், ஸ்டவ். லீவு விட்டால் அதில்தான் ஊர் சுற்றுவாராம். கிராப் தலை, ஆம்பிளைச் சட்டை. கூடவே ஒரு குட்டி நாய். சத்தம் வந்தால் காலி பண்ணவேண்டும் என்று சொல்லித்தான் இடத்துக்காரர் இடம் விட்டிருந்தார்.

தன்னைக் கவனிக்கச் சொல்லி அந்தக் குட்டி குரைக்கும். உடனே அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். குரைப்பது நின்றால்தான் திரும்பித் தடவிக் கொடுப்பார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் கிணற்றுக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம், அது குரைக்கக் குரைக்க டீக்கடைப் பொறை ரொட்டியை வாங்கிப் போட்டேன்.

நாலாம் நாள் இடத்துக்காரர் வந்துவிட்டார்.

"இன்னாம்மா, நாளெல்லாம் கத்திக்கினே கீது? மாடு மிரளுது. வண்டிய எடும்மா."

அந்த அம்மா தரையில் கிடந்த பொறைத் துண்டை எடுத்துப் பார்த்தார். "யாருங்க போட்டது?"

"எவனாவது லாரிக்காரனா இருக்கும்ங்க" என்றேன்.

வேனில் ஏறியதும் எட்டிப் பார்த்தார். "அவரப் பார்த்தா எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லுங்க. அது சும்மா இருக்கறப்போ போட்டிருக்கலாம்."

தெரிந்துதான் சொன்னாரா? இன்றுவரை விளங்கவில்லை. ஓடிப்போய் வேன் கதவைத் தட்டி, "அம்மா, அந்த லாரிக்காரன்..." என்று ஆரம்பித்தேன்.

"யோவ்! பஸ்ஸு டயரு வந்து நிக்குது, அங்க இன்னா கத அளந்துகினு கீற?"

மீதிக் கதை அப்புறம்; இப்போது கடையிலிருந்து என் பொண்டாட்டி கூப்பிடுகிறாள். போகவேண்டும்.